ரஜூலா கப்பல் வந்துருச்சா?

மத்தியானம் நாலு மணிக்கு எங்கள் வீட்டு முகப்பில் வெயில் சாயும். ஆத்தா, என்னைப் பெற்றவர், அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருமுனையைப் பார்த்தபடியே கேட்பார்: "ரஜூலா வந்துருச்சா? அவுக கடுதாசி போட்டாகளா?"

ரஜூலா என்பது சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை போய்வந்த கப்பல். செட்டிநாட்டுப் பழைய ஆட்களுக்கு அந்தப் பெயர் ஒரு சொந்தக்காரர் பெயர் மாதிரி. 1970களின் தொடக்கத்தோடு அதன் ஓட்டம் முடிந்துபோனது. என் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பினாங்கில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் இருந்து வட்டிக்கடைக் கணக்குப் பார்த்தவர். மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், வருவார், மறுபடி போவார். அவர் இறந்தது 1996ல். ஆத்தாவுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் என்று மதுரையில் டாக்டர் சொன்னது 2018ல். அடுத்த வருஷமே நான் வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து அந்தப் பெரிய வீட்டுக்குத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் மகளோடு சென்னையிலேயே இருந்தார். தம்பி சிங்கப்பூரில். வளவும் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டுமாக நீளும் அந்த வீட்டில் ஆத்தாவும் நானும், பகலில் மட்டும் வேலைக்கு வரும் ஒரு அக்காவும்.

முதல் ஆறு மாதம் நான் செய்தது என்ன தெரியுமா? திருத்தினேன். "அப்பச்சி செத்துப்போய் இருவத்திமூணு வருசம் ஆச்சு ஆத்தா. ரஜூலாவும் இல்லை, ஒண்ணும் இல்லை." உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஆத்தா ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தியை முதல்முறை கேட்பவராகக் கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். பத்து நிமிஷத்தில் மறந்துவிடும், திரும்பவும் கேட்பார். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினோரு தடவை. ஒரே நாளில் பதினோரு முறை அவரை நான் தாலியறுக்க வைத்திருக்கிறேன்.

அதை நிறுத்தியவர் வேலைக்கு வரும் அக்கா. நான் பதில் சொல்லுமுன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இன்னும் வரலை ஆச்சி. நாகப்பட்டணத்துல காத்து சரியில்லையாம். நாளைக்குத்தேன் கரை சேருமாம்" என்றார். ஆத்தாவின் முகம் தெளிந்தது. "அப்பச் சரி. பிஸ்கட்டு டின்னு கொண்டாருவாக, புள்ளைக எடுத்துராமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. பெற்ற தாயிடம் பொய் சொல்வதா என்ற கேள்வி குடைந்தது. ஆனால் மறுநாள் நாலு மணிக்கு நானே சொன்னேன்: "காத்து இன்னும் அடங்கலையாம் ஆத்தா." சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தெருமுனையைப் பார்த்தேன். அதுதான் என் முதல் வேஷம். கப்பலுக்குக் காத்திருக்கும் வீட்டில் கூடக் காத்திருக்கும் ஒரு பெண்.

போகப்போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. ஆத்தா கேட்டது கப்பலைப் பற்றிய தகவல் இல்லை. "எனக்கென்று யாராவது வருகிறார்களா" என்ற கேள்வி அது. அந்த உணர்ச்சிக்குப் பதில் சொன்னால் போதும், சொற்கள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நாமாகப் பெரிய கதை கட்டக் கூடாது. ஒரு வரி சொல்லிவிட்டு, கதையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "அப்பச்சி வந்தா என்ன ஆக்கலாம்?" என்று கேட்பேன். "வெண்டைக்கா மண்டி வையி. கவுணியரிசி இருக்கா பாரு" என்று தொடங்கி, அரைமணி நேரம் அடுப்படிக்குள்ளேயே வாழ்வார். மருந்து பெயரைக்கூட நினைவில் வைக்க முடியாதவருக்கு மண்டிக்கு எத்தனையாவது தடவை அரிசி களைந்த கழனித்தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

தெளிவான பொழுதுகளும் உண்டு. அப்படி ஒரு காலையில் என் கையைப் பிடித்து, "அவுக இல்லைதானே?" என்றார். அப்போது நடிக்கவில்லை. "இல்லை ஆத்தா" என்றேன். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எதிராளி நிஜத்தைத் தேடி வரும்போது வேஷத்தைக் காட்டினால் அது துரோகம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பங்கு சம்பந்தமாக ஒரு பத்திரம் கிடந்தது. "நீ சொன்னா கேக்குறாகள்ல, அப்பச்சி சொல்லிவிட்டாகன்னு சொல்லி ரேகையை வாங்கிரு" என்று ஒரு பங்காளி என்னிடம் கேட்டார். வாசலிலேயே மறுத்து அனுப்பினேன். மறதி உள்ளவர் முன்னால் போடும் வேஷம் அவருடைய நிம்மதிக்காக மட்டுமே. நம்முடைய காரியம் அதில் ஒரு துளி கலந்தாலும் அதற்குப் பெயர் மோசடி.

சரி, ஆத்தா அமைதியானார். நான் அமைதியாகவில்லை.

2020 கடைசியில் எனக்குத் தொண்டையில் ஒரு நெல்லிக்காய் மாட்டிக்கொண்டதுபோல இருக்க ஆரம்பித்தது. சாப்பிட்டால் இறங்கும், ஆனால் எச்சில் விழுங்கும்போது உறுத்தும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்டோஸ்கோப்பி, தைராய்டு, இசிஜி எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். "மன அழுத்தமா இருக்கலாம்மா" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ஏதாவது ஒரு வியாதி பெயர் கிடைத்திருந்தால் மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாமே.

2021ல் கொரோனா இரண்டாம் அலை அடங்கிய பிறகு, என் பள்ளித்தோழி ஒருத்தி காரைக்குடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு சின்னக் குழுவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நடத்தியவர் உளவியல் படித்து நாடகச் சிகிச்சையில், அதாவது நடிப்பு வழியாக மனசை ஆற்றும் முறையில், பயிற்சி எடுத்த ஒரு பெண். நாங்கள் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். மொத்தம் எட்டுப் பேர். ஒரு பழைய வீட்டின் பட்டாலை என்ற கூடத்தில் கூடுவோம். மேடை, திரை எதுவும் கிடையாது. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது. நடுவில் பூப்போட்ட கற்கள், சுற்றி ஒரு சிவப்புக் கரை. டீச்சர் முதல் நாளே சொன்னது: "இந்தச் சிவப்புக் கரைக்கு உள்ளே நின்றால் வேஷம். வெளியே வந்தால் நீங்கள். உள்ளே நடப்பதை வெளியே யாரும் விமர்சிக்கக் கூடாது. வெளியே போய் யாரிடமும் சொல்லவும் கூடாது." (இங்கே மற்றவர்களைப் பற்றி நான் எழுதும் ஒன்றிரண்டும் அவர்களிடம் கேட்டு, அடையாளம் மாற்றி எழுதுவதுதான்.)

உடம்பைச் சூடேற்றும் பயிற்சியாக எட்டுக் கற்களைக் காட்டினார். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள்: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. ஒவ்வொரு கல்லிலும் நின்று அந்த மெய்ப்பாட்டை முகத்திலும் கையிலும் காட்ட வேண்டும். பேச்சு கூடாது. நகையில் சிரித்தேன், அச்சத்தில் ஒடுங்கினேன், அழுகைக் கல்லில் நிஜமாகவே கண் கலங்கியது. வெகுளிக் கல்லில் நின்றபோது என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கே தெரியவில்லை. தோழி தன் போனில் எடுத்த படத்தைக் காட்டியபோதுதான் பார்த்தேன். விருந்தாளிகளை வரவேற்கும் முகம். கோபத்தின் மேல் நின்றுகொண்டு "வாங்க, வாங்க" என்பதுபோல.

டீச்சர் என்னை அதைப் பற்றித் துருவவில்லை. அடுத்த வாரம் எனக்கு ஒரு வேஷம் கொடுத்தார். அரிச்சந்திரன் மயான காண்டம், சந்திரமதி.

எங்கள் பக்கத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் ஸ்பெஷல் நாடகம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியப் பெட்டி முழங்க ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும். சின்ன வயதில் ஆத்தாவோடு ஜமுக்காளம் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருவாள். அங்கே காவல் இருப்பவன் அவள் புருஷன்தான், ஆனால் தெரியாது. கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி இல்லாமல் எரிக்க முடியாது என்பான். அந்த இடத்தில் ஜமுக்காளம் முழுக்க அழும். ஆத்தா விம்மி விம்மி அழுவார். அப்பச்சி பினாங்கில் இருந்த வருஷங்கள் அவை. விடியற்காலை வீட்டுக்கு வந்து முகம் கழுவி, காப்பி போட்டு, அன்றைக்கு முழுக்க ஏதோ இறக்கிவைத்தவர் மாதிரி லேசாகத் திரிவார். சொந்தத் துக்கத்துக்கு அழ அந்த வீட்டில் இடமில்லை. சந்திரமதிக்காக அழுவதை யாரும் கேட்க முடியாது.

பட்டாலையில் என் எதிரே காவல்காரனாக நின்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். என் கையில் ஒரு தலையணை, அதுதான் மகன். "கால்பணம் எங்கே?" என்றார். இல்லை என்றேன். "முழத்துண்டு?" இல்லை. "வாய்க்கரிசியாவது கொண்டாந்தியா?" மூன்றாவது தடவை கேட்டபோது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "இன்னும் எங்கிட்ட என்னய்யா இருக்கு? வேலையைக் கொடுத்தேன், வீட்டைக் கொடுத்தேன், தூக்கத்தைக் கொடுத்தேன். இன்னும் என்ன வேணும் ஒனக்கு?" அந்தக் குரல் பட்டாலை உத்தரத்தில் மோதித் திரும்பி வந்தது. சந்திரமதிக்கு வேலை ஏது, விருப்ப ஓய்வு ஏது? எல்லோருக்கும் புரிந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசிரியர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

நேராக "உங்கள் கோபத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். வேறொருத்தியின் சேலைக்குள் நின்றதால் அது வெளியே வந்தது. இந்தத் தூரம்தான் நாடகச் சிகிச்சையின் உயிர் என்று டீச்சர் பிறகு விளக்கினார். கதை, புராணம், பொம்மை, முகமூடி எதுவாகவும் அந்தத் தூரம் இருக்கலாம். சொந்த வாழ்க்கையையே நேரடியாக நடித்துப் பார்ப்பது இன்னொரு வகை, அதை உளநாடகம் என்பார்கள். அதைத் தொடங்கியவர் ஜேக்கப் மொரினோ. 1889ல் புக்கரெஸ்டில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் படித்தவர். அங்கே எழுதிவைத்த வசனம் இல்லாத நாடகங்களை 1920களில் நடத்தினார். 1925ல் அமெரிக்கா போய், 1936ல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் ஊரில் தன் மருத்துவமனையிலேயே ஒரு நாடக மேடையைக் கட்டினார். வியன்னாவில் அவர் குழுவில் ஒரு நடிகை எப்போதும் சாதுவான பாத்திரங்களே ஏற்பாராம், வீட்டிலோ கணவரிடம் கடும் சீற்றம். மொரினோ அவருக்கு முரட்டு வேஷங்களாகக் கொடுத்தார், வீட்டுச் சண்டை தணிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வெகுளிக் கல்லில் சிரித்த என் முகம் ஞாபகம் வந்தது.

அந்த மெய்ப்பாட்டுக் கற்கள் எனக்கு இன்னொன்றையும் கொடுத்தன. அழுகைக்குத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு புரிகிறது. அசைவு என்றால்? பழைய நிலைமை கெட்டு வேறொன்றாகிப்போனதற்காக வருந்துவது என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் சொல்கிறார். நான் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஆத்தா உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், நான் ஏன் துக்க வீட்டில் இருப்பவள் மாதிரி இருக்கிறேன் என்று மூன்று வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குத் தமிழில் அத்தனை பழைய ஒரு பேர் இருந்திருக்கிறது. மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் யாராவது இதைப் படித்தால், உங்கள் அழுகைக்கு அசைவு என்று பேர் சொல்லிப் பாருங்கள்.

ஐந்தாறு மாதம் கழித்துத்தான் டீச்சர் என்னை நாற்காலிப் பயிற்சிக்கு அழைத்தார். எதிரே ஒரு காலி நாற்காலி. யாரிடம் பேச வேண்டுமோ அவர் அதில் இருப்பதாக வைத்துப் பேச வேண்டும். யாரை உட்காரவைக்கிறீர்கள் என்றார். தம்பி என்றேன். அவன் பொருள் ஏதாவது இருந்தால் நல்லது என்றார். என் பையில் ஆத்தாவின் ஓலைக்கொட்டான் இருந்தது. வெற்றிலை போட்டு வைப்பார், ஓரத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், மூடியில் ஒரு பக்கம் பிரிந்திருக்கும். சின்ன வயதில் தம்பி கடித்துப் பிய்த்தது அது. அதை நாற்காலியில் வைத்தேன்.

கத்துவேன் என்று எதிர்பார்த்தேன். வந்தது ரொம்பச் சின்னக் குரல். (எங்கள் பக்கம் அக்காவையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) "ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல 'ஆத்தா சாப்பிட்டாகளா ஆச்சி'ன்னு கேக்குறே. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் கேட்டிருக்கியாடா?"

"இப்போது அந்த நாற்காலிக்குப் போங்கள்" என்றார் டீச்சர். கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் இப்போது தம்பி. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. அவன் எப்படி உட்காருவான், கை எங்கே இருக்கும், கண்ணாடியை எப்படித் தூக்கிவிடுவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உடம்பு மாறிய பிறகு வாய் தானாகப் பேசியது: "நான் வந்து நின்னா, நீ யாருப்பான்னு ஆத்தா கேட்டுருமோன்னு பயமா இருக்கு ஆச்சி."

அந்த வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இடம் மாறி உட்காருவதன் பலன் இதுதான். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த நாற்காலியில் பேசியது தம்பி இல்லை, தம்பியைப் பற்றிய என் ஊகம். அதையே உண்மை என்று பிடித்துக்கொண்டு "எனக்கு உன் மனசு தெரியும்" என்று கிளம்பினால் புதுச் சண்டைதான் வரும். டீச்சர் என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பாதி தப்பு. பயம் கொஞ்சம் இருந்தது உண்மைதான், ஆனால் பெரிய காரணம் பணம். வேலை போய் எட்டு மாதமாக அதை என்னிடம் மறைத்திருந்தான். டிக்கெட் எடுக்கக் காசில்லை என்று அக்காவிடம் சொல்லக் கூச்சம். ஊகம் பாதி தப்பாக இருந்தாலும், கேட்கும் குரலை அது மாற்றியிருந்தது. பழைய குரலில் கேட்டிருந்தால் அவன் போனை வைத்திருப்பான்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்று மாதம் குழுவுக்குப் போன தைரியத்தில், கொரோனாவில் கணவரை இழந்த ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணை எங்கள் இரண்டாங்கட்டில் உட்காரவைத்து, எதிரே நாற்காலி போட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோன அந்தக் கடைசி நாளை அப்படியே சொல்லிப் பார், அவரிடம் பேசு என்றேன். இரண்டு நிமிஷத்தில் அவள் கை நடுங்க ஆரம்பித்தது, மூச்சு இரைத்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு ராத்திரி அவள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பெண் வந்து என்னைக் கேட்டது: "அம்மாவை என்ன பண்ணீங்க பெரியம்மா?"

டீச்சரிடம் ஓடினேன். அவர் கோபப்படாமல் ஆனால் கண்டிப்பாகச் சொன்னார். இருப்பதிலேயே பெரிய காயத்தில் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். மிக மோசமான நிமிஷத்தைத் திரும்ப நடிக்கவைப்பது பயிற்சி பெற்றவர் கையில்கூட ஆபத்து. அவளுக்குத் தூரம் தேவைப்பட்டது, நான் கிட்டே தள்ளியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட, உள்ளே இழுத்தேன், வெளியே கொண்டுவரவில்லை. அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரையும் ஆலோசனையுமாகச் சில மாதத்தில் தேறினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தாள் என்பது அவள் பெருந்தன்மை. அதன்பிறகு வீட்டில் நாற்காலி போடுவதை விட்டுவிட்டேன்.

பயிற்சி இல்லாதவர்கள் வீட்டில் பயமில்லாமல் செய்யக்கூடியது ஒத்திகை. கடந்துபோன துயரத்தைத் தொட வேண்டியதில்லை, வரப்போகும் ஒரு பேச்சை நடித்துப் பார்த்தால் போதும். குழுவில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். நான் அப்பாவாக உட்கார்ந்தேன். முதல் தடவை இருபது வாக்கியம் பேசினாள், பாதியில் அழுதாள். அடுத்து அவளை அப்பா நாற்காலியில் உட்காரவைத்து, அவள் பேசியதை நான் பேசிக் காட்டினேன். "இவ்வளவு நீளமாப் பேசுனா எனக்கே கோவம் வருது" என்றாள். ஐந்தாவது தடவை இரண்டே வாக்கியம்: "எனக்கு இன்னும் ஒன்றரை வருசம் கொடுங்கப்பா. அதுக்கப்புறம் நானே வந்து பேசுறேன்." நிஜத்தில் அவள் அப்பா உடனே சம்மதிக்கவில்லை, ஆனால் கத்தவும் இல்லை. வங்கி மேலாளர், வீட்டுக்காரர், மாமியார் என்று யாரிடம் பேசப் பயமோ அவராக ஒரு நம்பிக்கையான ஆளை உட்காரவையுங்கள். எதிராளி முதலில் லேசாக நடிக்கட்டும், போகப்போகக் கடுமையாகட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி படுக்கப் போகுமுன் வேண்டவே வேண்டாம்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, குரல்கள் கேட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ நாடகம் அதற்கு முதல் மருந்து ஆகாது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். எனக்கும் டீச்சர் முதலில் சொன்னது மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான்.

வேஷத்தை விட்டு வெளியே வருவது பற்றிச் சொன்னேன் அல்லவா? எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வாலிபத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். விடிய விடியச் சந்திரமதியாக அழுதுவிட்டு எப்படி மறுநாள் வயல் வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டேன். "தேங்கா எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் தொடைச்சு, கண்ணாடியில எம் மொகம் தெரியிற வரைக்கும் யாருகிட்டயும் பேச மாட்டேன் ஆச்சி. அவ அழுத அழுகைய வீட்டுக்குக் கொண்டுபோகப்படாதுல்ல." எங்கள் குழுவில் செய்வதும் அதே காரியம்தான். நடித்து முடித்ததும் சிவப்புக் கரையைத் தாண்டி வெளியே வருவோம். வேஷத்துக்குப் போட்ட துண்டையோ மூக்குக்கண்ணாடியையோ கழற்றி மடித்துவைப்போம். கை, காலை உதறுவோம். அப்புறம் சொந்தப் பெயரைச் சொல்லி, இன்று காலை வீட்டில் என்ன பலகாரம் என்று சொல்ல வேண்டும். அந்த இட்லியும் சட்னியும்தான் நம்மை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

நான் இதை ஆத்தாவிடம் செய்யத் தவறியதால்தான் அத்தனை களைத்துப் போயிருந்தேன். நாள் முழுக்கக் கப்பலுக்குக் காத்திருக்கும் பெண்ணாக, சில நாள் அவருடைய நாத்தனாராக, ஒரு ராத்திரி "ஆத்தா, பயமா இருக்கு" என்று என் மடியில் தலைவைத்தபோது அவருடைய தாயாகவும் இருந்துவிட்டு, எதையும் கலைக்காமல் அப்படியே படுத்தேன். அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஆத்தா தூங்கியதும் வளவு முற்றத்தில் நின்று முகம் கழுவி, என் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். என் வயது, என் மகள் பெயர், நாளைக்கு நான் எனக்காகச் செய்யப்போகும் ஒரு காரியம். தொண்டை நெல்லிக்காய் எப்போது கரைந்தது என்று எனக்குத் தேதி தெரியாது. ஒரு நாள் அது இல்லை என்பதைக் கவனித்தேன். நாடகத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாத்திரை இருந்தது, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாலை ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்குக் கூடுதல் சம்பளம் பேசியிருந்தேன், நான் நடக்கப் போனேன். எல்லாம் சேர்ந்ததுதான்.

2022 மே மாதம் தம்பி வந்தான். புது வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் டிக்கெட் எடுத்திருந்தான். நாலு மணிக்குக் காரை விட்டு இறங்கி, பெட்டியோடு முகப்புப் படியில் ஏறினான். அப்பச்சி சாயல் அவனுக்கு, அந்த வயதில் அதே வழுக்கை. ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இப்பத்தான் ரஜூலா வந்துச்சா? இம்புட்டு நாளா வராம இருந்துட்டீகளே."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் பயந்தது நடந்துவிட்டது, ஆனால் அவன் நினைத்த விதத்தில் இல்லை. நான் தலையை ஆட்டினேன். அவன் பெட்டியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை அவனுக்கு. பிறகு, "காத்து சரியில்லை. அதான் நாளாயிருச்சு" என்றான். போனில் நான் சொல்லக் கேட்டிருந்த வரி அது.

"சாப்பிட்டீகளா?" என்றார் ஆத்தா.

"இல்லை. மண்டி இருக்கா?"

ஆத்தா சிரித்தது முற்றம் வரை கேட்டது. அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இலையில் தன் கையாலேயே பரிமாறினார். பினாங்கில் மழை எப்படி என்று கேட்டார். அவன் சிங்கப்பூர் மழையைச் சொன்னான்.

ஆத்தா தூங்கிய பிறகு அவன் தூணில் சாய்ந்து அப்படியே நின்றுகொண்டிருந்தான். ஆத்தாவுக்குத் தன்னைத் தெரியவில்லை என்ற துக்கமும் அப்பச்சியாக இருந்துவிட்டு வந்த கனமும் சேர்ந்து அவன் தோளில் தெரிந்தன. அவன் சட்டைப் பையிலிருந்து ஆத்தா திணித்த வெற்றிலையை எடுத்துக் கொட்டானில் போட்டேன். முற்றத்துக்குக் கூட்டிப்போய், அண்டாவிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"மொகத்தைக் கழுவு. கையை உதறு. இப்ப உன் பேரைச் சொல்லு."

சொன்னான்.

"வயசு?"

"அம்பத்திரண்டு."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"பிளேன்ல ஏதோ ஒரு பன்னு ஆச்சி" என்றவன், செம்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நீ சாப்பிட்டியா?"